தோட்டமும் ஓர் அமானிதமே!

எல்லாப் புகழும் ஏகநாயனாகிய அல்லாஹுத்தஆலாவுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நமது ஊர்களில் ஒரு நல்ல பழக்கம் பரவி வருகின்றது. வெளிநாட்டில் பாடுபட்டுத் திரும்பியவர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டவர்கள் ஆகியோர் ஊருக்கு வெளியே 20 சென்ட், 50 சென்ட் என்று சிறு நிலம் வாங்கி, நாலு தென்னை, இரண்டு மா, ஓர் எலுமிச்சை, ஓரத்தில் முருங்கை, கிணற்றடியில் வாழை, இரண்டு கீரைப்பாத்தி என வைத்துக்கொள்கின்றனர். சுபுஹுத் தொழுதுவிட்டு அங்கே போய் மண்வெட்டி பிடிக்கின்றனர். இது வயிற்றுப் பிழைப்புக்காக அன்று, மனநிறைவுக்காகவே செய்கின்றனர்.

இவர்களில் சிலர், "ஹஜ்ரத், இது பொழுதுபோக்குத்தானே? இதில் மறுமைக்கு ஏதும் உண்டா?" என்று கேட்கின்றனர். உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால் அதே தோட்டத்தின் காரணமாக மறுமையில் பதில் சொல்ல வேண்டிய காரியங்களும் உண்டு. ஒரே நிலம் ஒருவருக்கு ஸதகாவாகவும், இன்னொருவருக்குச் சுமையாகவும் ஆகிவிடலாம். எப்பொழுது அது ஸதகா, எப்பொழுது அது சுமை என்பதையே இங்கு காணப்போகின்றோம்.

கொத்திய பழத்திலும் நன்மை

ஒரு முஸ்லிம் ஒரு மரத்தை நட்டு, அல்லது ஒரு பயிரை விதைத்து, அதிலிருந்து மனிதரோ பறவையோ மிருகமோ உண்ணுமானால், அது அவருக்கு ஸதகாவாக அமைகிறது என்ற கருத்துப்பட அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியதை ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வரும் அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அதிலிருந்து களவு போனதும் நட்டவருக்கு ஸதகாவே என்று அதில் வந்துள்ளது. திருடியவன் குற்றவாளிதான், அதில் ஐயமில்லை. ஆனால் நட்டவருடைய கூலி வீணாவதில்லை.

சிந்தித்துப் பாருங்கள்! அணில் கடித்த கொய்யா, கிளி கொத்திய மாங்காய், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கல்லெறிந்து விழத்தட்டிய நெல்லிக்காய் ஆகியவற்றையெல்லாம் நாம் நஷ்டக் கணக்கில் எழுதுகின்றோம். நம் நாயனோ அவற்றை நமது நன்மைக் கணக்கில் எழுதுகின்றான். நாம் அறியாமலேயே, நாம் உறங்கும் நேரத்திலும் நம் பெயரால் தர்மம் நடந்துகொண்டிருக்கிறது.

மார்க்கப் பற்றுள்ள மனிதருக்கு மண்வெட்டி எதற்கு என்று எண்ணுவோரும் உளர். நபித்தோழர் ஹஜ்ரத் அபூதர்தா (ரலி) அவர்கள் டமாஸ்கஸ் நகரில் செடி நட்டுக்கொண்டிருக்கையில், அவ்வழியே சென்ற ஒருவர், "நபித்தோழராகிய தாங்களா இதைச் செய்வது?" என்று வியந்து கேட்டாராம். அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம் என்று அவரைத் தடுத்து, மேலே சொன்ன நன்மையைத் தாம் நபியவர்களிடமிருந்து நேரில் கேட்டதாக அவர்கள் எடுத்துரைத்தார்கள். இதனை முஸ்னத் அஹ்மதில் காண்கின்றோம்.

நட்டுவிட்டால் போதுமா?

இந்த நன்மையைக் கேட்டவுடன் சந்தையில் நாலு கன்றை வாங்கி வந்து, கையளவு குழி தோண்டி வைத்துவிட்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று போய்விடுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அக்கன்று கருகிவிடும். இதற்குத் தவக்குல் என்று பெயரல்ல. அசட்டை என்பதே பெயர். எல்லாக் காரியத்திலும் செம்மையை அல்லாஹ் விதித்துள்ளான் என்ற கருத்துடைய ஹதீஸ் முஸ்லிமில் வந்துள்ளது. கன்று நடுவதும் அந்த 'எல்லாக் காரியத்தில்' அடங்கியதே.

ஹஜ்ரத் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட, 300 பேரீச்சங்கன்றுகள் நட்டுத் தர வேண்டும், அத்துடன் 40 ஊக்கியா செலுத்த வேண்டும் என்று அவர்களின் எஜமானன் நிபந்தனை விதித்தான். தோழர்கள் ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, ஒருவர் பத்து என்று தம்மால் இயன்ற கன்றுகளைக் கொணர்ந்து சேர்த்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, முதலில் குழிகளைத் தோண்டி முடிக்கும்படியும், பிறகு தமக்குத் தெரிவிக்கும்படியும் ஸல்மானுக்குச் சொன்னார்கள். குழிகள் ஆயத்தமானபின் தமது திருக்கரத்தாலேயே கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. இது நபியவர்களின் பரக்கத் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தப் பரக்கத்துக்கு முன்னே தோழர்கள் சேர்ந்து குழி தோண்டிய வியர்வையும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே, நடுகிறவர் சில விவரங்களைத் தெரிந்துகொள்ளட்டும். தென்னைக்கும் மாவுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி உள்ள குழி வேண்டும். தோண்டிய குழியைச் சில வாரங்கள் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்ப வேண்டும். தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விட வேண்டும். இன்று கன்று சிறிதாக இருக்கிறதென்று நெருக்கி நட்டால், பத்தாண்டு கழித்து ஒன்றின் ஓலை மற்றொன்றின் வெளிச்சத்தை மறைக்கும். அந்த இடைவெளி வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். முதல் சில ஆண்டுகள் அதில் வாழையும் கீரையும் காய்கறியும் போட்டுக்கொள்ளலாம். ஒட்டு மாங்கன்றை நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். காற்றில் ஆடாமல் ஒரு குச்சி ஊன்றிக் கட்டி, மேற்குப் பக்கம் தென்னை ஓலையால் நிழல் வைத்துவிட்டால், கன்று முதல் கோடையைத் தாண்டிவிடும்.

அவசரப்படும் மனதுக்கு ஆறுதலாகச் சில பயிர்களையும் அல்லாஹ் படைத்திருக்கிறான். முளைக்கீரை விதைத்து 25 நாளில் பறிக்கலாம். பெரியகுளத்துச் செடிமுருங்கை விதை போட்டு ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஆடிப்பட்டத்தில் அவரை, புடல், பூசணி போட்டால் மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் வீட்டுக்குக் காய் கிடைக்கும்.

தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் கூடாது. மதீனாவில் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் முறை பற்றிய ஹதீஸ் நாம் அறிந்ததே. உலகத் தொழில் விவகாரத்தை அத்தொழில் செய்வோரே நன்கறிவர் என்ற கருத்தை அதில் நபியவர்கள் நமக்கு உணர்த்தினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஸெவில்லில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்ற முஸ்லிம் பேரறிஞர், வேளாண்மைக்கென்றே 34 அத்தியாயங்கள் கொண்ட பெருநூலை யாத்தார். முன்னோர் சொன்னவற்றைத் திரட்டியதோடு, தாமே பயிரிட்டுக் கண்டறிந்தவற்றையும் அதில் எழுதிவைத்தார். அத்தகைய சமுதாயத்தில் வந்த நாம், பக்கத்துத் தோட்டத்து முதியவரிடம் ஒரு சந்தேகம் கேட்கத் தயங்கலாமா?

இவ்வளவும் செய்தபிறகும், முளைக்க வைப்பவர்கள் நாமல்லர். வாகிஆ சூராவின் 63, 64 ஆம் வசனங்களில், விதைப்பது நீங்கள். அதை முளைப்பிப்பது நீங்களா, நாமா என்ற பொருள்பட இறைவன் வினவுகின்றான். குழி நம்முடையது, முளை அவனுடையது.

எருவும் தண்ணீரும்

தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் சில சட்டங்களையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். மாட்டுச் சாணம் நமது இரு மத்ஹபுகளின்படியும் நஜீஸ்தான்; எனினும் அதைப் பயிருக்கு எருவாக இடுவதற்குத் தடையில்லை. அந்த எருவில் வளர்ந்த கீரையும் காயும் தூய்மையானவையே. எரு பட்ட இடத்தை மட்டும் கழுவிக்கொள்ள வேண்டும். எருவள்ளிய கையோடும் கைலியோடும் தொழுகைக்கு நின்றுவிடக் கூடாது. தோட்டத்தில் ஒரு சுத்தமான கைலியைத் தனியே வைத்துக்கொண்டால் லுஹரும் அஸரும் தவறாது.

உளூச் செய்த தண்ணீர் மீண்டும் உளூவுக்கு உதவாது. ஆனால் அது அசுத்தமல்ல. அதைத் தாராளமாகச் செடிக்கு விடலாம். நபியவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கை கொள்ளும் அளவுத் தண்ணீரில் உளூச் செய்திருக்கின்றார்கள் என்பதை முதலில் நினைவிற் கொள்வோமாக. அவ்வாறு சிக்கனமாகச் செய்தும், ஒரு பள்ளிவாசலில் ஐந்து வேளையும் ஓடும் தண்ணீர் எவ்வளவு! அது சாக்கடையில் போய்ச் சேராமல், ஒரு வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போகும்படி ஜமாஅத்தார் ஏற்பாடு செய்தால், அப்பள்ளியின் ஒவ்வொரு தொழுகையாளிக்கும் அதில் பங்கு கிடைக்குமன்றோ!

செடிக்குத் தண்ணீரைக் காலையிலோ மாலையிலோ விட வேண்டும்; நடுப்பகலில் விட்டால் பாதியை வெயில் குடித்துவிடும். மரத்தூரில் தேங்க விடாமல், சற்றுத் தள்ளி வட்டப்பாத்தி எடுத்து விட வேண்டும். பாத்தியில் காய்ந்த சருகையும் தேங்காய் மட்டையையும் பரப்பிவைத்தால் ஈரம் பலநாள் நிற்கும்.

அண்டை நிலத்தாரின் ஹக்கு

இனி, பதில் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருவோம்.

ஹர்ரா எனும் இடத்திலிருந்து வந்த வாய்க்கால் தண்ணீர் பற்றி ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. மேல்மடைக்காரரான ஸுபைர் தமது மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு, அண்டையாருக்குத் தண்ணீரை விட்டுவிட வேண்டும் என்று நபியவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள். மற்றவர் அதனை ஏற்காதபோது, வரப்பை எட்டுமளவு நீரை நிறுத்தி வைக்கும் முழு உரிமையும் ஸுபைருக்கு உண்டு என்று சொன்னார்கள். அது கணுக்கால் அளவு என்று பின்வந்தோர் கணித்தனர். மேல்மடைக்காரருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கும் ஓர் அளவு உண்டு.

இன்று நிலத்துக்கடியில் ஓடும் நீரும் ஒரு வாய்க்கால்தான். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பிழைப்புக்காகப் பயிர் செய்யும் ஏழை விவசாயியின் கிணற்றுக்கு அருகே, மனநிறைவுக்காகத் தோட்டம் வைத்தவர் பல நூறு அடிக்குக் குழாய் இறக்கி, இரவும் பகலும் மோட்டாரை ஓடவிட்டு, பூச்செடிக்கும் புல்தரைக்கும் பாய்ச்சுகிறார். அண்டைக் கிணறு வற்றிப்போகிறது. இவருடைய மரத்தில் பறவை கொத்துவது ஸதகாதான். ஆனால் அந்த விவசாயியின் கண்ணீர் எந்தக் கணக்கில் எழுதப்படும்? பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, பதிலுக்குப் பதில் தீங்கு செய்வதும் கூடாது என்பது நமது ஷரீஅத்தின் அடிப்படை விதியன்றோ! சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். தேவைக்கு மட்டும் மோட்டாரை ஓட்டுங்கள். வேலிக்கு வெளியே வழிப்போக்கர் தாகம் தீர ஒரு குழாயும், கால்நடைக்கு ஒரு தொட்டியும் வையுங்கள்.

வேலிக்கல்லை அரையடி தள்ளி நடும் வழக்கமும் நம்மிடையே இல்லாமலில்லை. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவரின் கழுத்தில் ஏழு பூமிகளும் மாட்டப்படும் என்ற கடுமையான எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அரையடி மண்ணுக்காக ஏழு பூமியைச் சுமக்கலாமா? நமது மரக்கிளை அண்டையார் நிலத்தின் மேல் சாய்ந்து அவர்களுக்கு இடைஞ்சலானால், அவர்கள் சொன்னவுடன் அதைக் கழிப்பது நம் கடமை.

பலரும் நினைத்துப் பாராத ஒன்றையும் சொல்கிறேன். தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, எருக்குழியிலும் மக்கிய தென்னந்தூரிலும்தான் முட்டையிட்டுப் பெருகுகின்றது. நாம் எருக்குழியைக் கிளறாமல், பட்ட மரத்தை அப்புறப்படுத்தாமல் விட்டால், நம் தோட்டத்தில் பிறந்த வண்டு அண்டையாரின் தென்னையைக் கெடுக்கும். எருவைக் கிளறும்போது அதிலுள்ள வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிவிடுங்கள். குருத்திலிருக்கும் வண்டைக் கம்பியால் எடுத்துவிட்டு, மட்டை இடுக்குகளில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து வையுங்கள். நமது அசட்டையால் அண்டைவீட்டார் அடையும் நஷ்டத்துக்கும் விசாரணை உண்டு.

வேலி எதற்கு?

விளைச்சலைக் காப்பது தவறில்லை. பகலில் தோட்டத்தைக் காப்பது அதன் உரிமையாளரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் கட்டிவைப்பது அதன் சொந்தக்காரரின் பொறுப்பு என்று நபியவர்கள் தீர்ப்பளித்திருக்கின்றார்கள். முள்வேலி போடலாம், பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டலாம், கீரைப்பாத்தியின் மேல் வலையை இறுக்கி விரிக்கலாம், தகர டப்பா கட்டி ஒலி எழுப்பலாம்.

ஆனால் மயில் தின்கிறதென்று நெல்லில் விஷம் கலந்து தூவுகிறவர்களும், பன்றி வருகிறதென்று வீட்டு மின்சாரத்தைக் கம்பிவேலியில் பாய்ச்சுகிறவர்களும் இருக்கின்றார்களே, இவர்களுக்கு என்ன சொல்வது? பூனையைக் கட்டிப்போட்டு, உணவளிக்காமலும் விடாமலும் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கின்றோம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைக் கொல்வது குற்றமும்கூட. மின்வேலியோ மிருகத்தோடு நிற்பதில்லை. இருட்டில் ஆடு தேடி வந்தவரும், தண்ணீர் பாய்ச்ச வந்த கூலியாளும் அதில் சிக்கி மாண்ட செய்திகளை அடிக்கடி படிக்கின்றோம். நாலு குலை வாழைக்காக ஓர் உயிரைப் போக்கினால், அல்லாஹ்வின் முன்னிலையில் எதைக் கொண்டு பதில் கூறுவோம்?

பூச்சிக்கும் முதலில் எளிய மருந்தையே நாடுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை நேரத்தில் தெளிக்கலாம். மாலையில் தெளிப்பதனால் பகலில் பூவுக்கு வரும் தேனீக்குத் துன்பமில்லை. தன் திருமறையில் ஒரு சூராவுக்கே தேனீயின் பெயரை அல்லாஹ் சூட்டியுள்ளான் அல்லவா!

விற்பனையும் விளைச்சலின் ஹக்கும்

மாமரத்தில் பூவே எடுக்காதிருக்க, வரும் இரண்டு மூன்று ஆண்டுப் பழத்தையும் மொத்தமாகப் பேசி முன்பணம் வாங்குவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. பல ஆண்டு விளைச்சலை முன்கூட்டி விற்பதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். பழம் தேறும்முன் விற்பதையும் தடுத்து, அல்லாஹ் விளைச்சலைத் தராது போனால் உங்கள் சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுப்பீர்கள் என்ற கருத்தில் வினவினார்கள். காய்க்காததை விற்பது எந்த மத்ஹபிலும் கூடாது. காய்த்த பின் விற்பதில் சட்ட நுணுக்கங்கள் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு விளைச்சலில் பங்கு தரும் முறைக்கு, கைபர் தோட்டங்களைப் பாதி விளைச்சலுக்கு நபியவர்கள் ஒப்படைத்ததில் முன்மாதிரி உண்டு. கூலிக்கு வைத்தால், வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று ஜகாத் என்பது ஹதீஸின் அளவு. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களிடம் காய்கறி பழங்களுக்கும் இது உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் சேமித்துவைக்கும் உணவுத் தானியம், பேரீச்சை, திராட்சை ஆகியவற்றுக்கே உண்டு. ஆயினும் தேங்காய்க்கு ஜகாத் இல்லையென்று அறிந்தவுடன் கையை இறுக மூடிக்கொள்ளலாமா? அறுவடை நாளில் அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்துடைய அன்ஆம் சூராவின் 141 ஆம் வசனத்துக்கு, அன்று வந்து நிற்கும் ஏழைக்கு ஏதேனும் கொடுப்பது என்று விளக்கம் தந்த முஃபஸ்ஸிர்களும் உண்டு.

கலம் சூராவில் வரும் தோட்டக்காரர்களின் கதையை நினைத்துப் பாருங்கள். ஏழைகள் வருமுன்னே விடியற்காலையில் பறித்துவிடுவோம் என்று சத்தியம் செய்துகொண்டு, ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தவாறே புறப்பட்டுப் போனார்கள். இரவிலேயே தோட்டம் கருகிக் கிடந்தது. வழி தவறி வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று முதலில் எண்ணினார்கள். பிறகே உண்மை விளங்கியது. அவர்கள் பயிரிடத் தெரியாதவர்களல்லர், விளைச்சலும் குறைவாயிருக்கவில்லை. ஏழையின் பங்கைத் தங்கள் பங்கு என்று எண்ணியதே அவர்கள் செய்த தவறு. ஆகவே ஒரு கட்டுக் கீரை பறித்தால் அதில் ஒரு பிடி அண்டை வீட்டு விதவைக்கு, ஒரு குலை வெட்டினால் ஒரு சீப்பு மதரஸாப் பிள்ளைகளுக்கு என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். கொடுப்பதைப் பேரப்பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள். நட்டவருக்குப் பின்னரும் அத்தோட்டத்தில் அவ்வழக்கம் நிலைக்கும்.

அருமைச் சகோதரர்களே! "எனக்கு அறுபதாகிவிட்டது, இந்தத் தென்னை காய்க்கும்வரை இருப்பேனோ?" என்று தயங்க வேண்டாம். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், இயலுமானால் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நபியவர்கள் ஏவியுள்ளார்கள். உண்பவர் யாரும் எஞ்சாத நேரத்திலும் நடச் சொன்னார்கள் என்றால், நாளை உண்ணப் பேரனும் பறவையும் வழிப்போக்கரும் இருக்கையில் நாம் நடாமலிருக்கலாமா? நடுங்கள், செம்மையாக வளருங்கள், எவருடைய ஹக்கும் அதில் கலந்துவிடாமல் காத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நிலத்திலும் நீரிலும் பரக்கத் செய்வாயாக! அண்டையாருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் எங்களால் தீங்கு நேராமல் காப்பாயாக! நாங்கள் நட்டவற்றை எங்கள் கபுறுக்குப் பின்னும் தொடரும் ஸதகாவாக ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!